டிஷ்சும் நானும் என் தங்கச்சியும்

எங்கள் ஒழுங்கையில் மழை பிடித்தால் முதலில் நனைவது நான்தான். கார்த்திகை மாதத்து அடைமழையில் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை வந்து படலையைத் தட்டும்.

"மாமி, எங்கட ரி.வி.யில படம் வரேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் அடுப்பைத் தணித்துவிட்டு, குடையையும் ஒரு பழைய பருத்தித் துணியையும் எடுத்துக்கொண்டு புறப்படுவேன். அனேகமாக மழை விட்டதும் படம் தானாகவே வந்துவிடும். சில வீடுகளில் வயருக்குள் தண்ணீர் போயிருக்கும். சில வீடுகளில் வாங்கியின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும். ஒரு வீட்டில் முருங்கைக் கொப்பு வளர்ந்து டிஷ்சின் முகத்தை மறைத்திருந்தது. கொப்பை வெட்டினேன். படமும் வந்தது, அன்றைய கறிக்கு முருங்கை இலையும் கிடைத்தது.

இதனால் எனக்கு 'டிஷ் மாமி' என்று ஒரு பெயர். முதலில் கேட்டபோது கோபம் வந்தது. இப்போது அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவள் அல்ல. தையல் மெசினில்தான் என் பிள்ளையை வளர்த்தேன். இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். அதை எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். எழுதத் தொடங்கினால் டிஷ்சைப் பற்றி மட்டும் எழுதி முடிக்க முடியாது. என் கணவரையும், என் தங்கச்சியையும், என் தம்பியையும் எழுத வேண்டும்.

இவருக்கு நெல்லியடியில் ஒரு சின்னக் கடை இருந்தது. றேடியோ, ரி.வி. திருத்துவார். 1982 இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்திலும் ரி.வி. வாங்கத் தொடங்கினார்கள். ஆனால் ஆட்களுக்குக் கண் எல்லாம் தூரதர்ஷனில்தான். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வரும் படத்தைப் பிடிப்பதற்காக, தென்னையை விட உயரமாகக் குழாய் நட்டு, அதன் தலையில் அன்ரெனா பூட்டுவார்கள். இவர் குழாயைத் திருப்புவார். நான் உள்ளே நின்று படத்தைப் பார்த்துச் சத்தம் போடுவேன்.

"வந்திட்டுதே?"

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போட்டுது!"

இதை வாசிக்கும் சகோதரிகளில் எத்தனை பேர் இப்படி வீட்டுக்குள் நின்று சத்தம் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

1990 இல் மறுபடியும் சண்டை தொடங்கியதோடு மின்சாரம் நின்றது. ரி.வி. எல்லாம் துணி போர்த்தி மூலையில் இருந்தன. பற்றரிக்கும் தடை. அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். பி.பி.சி. தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு எங்கள் முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் சுற்றிக் களைத்தால் மற்றவர் சுற்றுவார். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும். இவர்தான் அந்த வயர்களை எல்லாம் பொருத்திக் கொடுத்தவர். பக்கத்தில் லாம்பு பிடித்துக்கொண்டு நின்றதில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. எந்த வயர் எதோடு சேரும், ஈயம் எப்படி உருகும், மீற்றரின் முள் எதற்கு ஆடும் என்பதெல்லாம் அப்படிப் பார்த்துப் படித்தவைதான்.

1996 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. என் மகளுக்கு அப்போது நாலு வயது. தேடாத இடம் இல்லை. கடையை மூடும்போது அவருடைய ஆயுதப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈயக்கோல், மீற்றர், குறடு, இரண்டு ஸ்குறூ டிறைவர். பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை. திறந்தால் அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம்.

இனி என் தங்கச்சி. அவள் 1991 இல் கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனவள். நோர்வே எங்கள் சனங்களுக்குப் புதிய நாடு அல்ல. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் என்பவர் 1956 இலேயே அங்கே போனவர். அவருடைய முயற்சியால் வந்த சீநோர் நிறுவனம் எங்கள் கடற்றொழிலாளருக்குப் படகும் வலையும் செய்து கொடுத்ததை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். எண்பதுகளில் போன எங்கள் பிள்ளைகள் பலருக்கு நோர்வேயின் வடக்கு அந்தத்தில், பின்மார்க் என்ற மாகாணத்தில், மீன் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. தங்கச்சியின் புருசன் இருந்தது வார்டோ என்ற சின்னத் தீவில். வரைபடத்தில் தேடிப் பாருங்கள். நோர்வேயின் கிழக்கு முனையில், ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே மரமே வளராது. கார்த்திகை கடைசியில் இருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. எங்கள் பருத்தித்துறைக் கரையில் பிறந்து, வெயிலில் கருவாடு காயப்போட்ட பிள்ளை, அந்த இருட்டில் நின்று மீன் வெட்டினாள்.

அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல பிறகு ஒஸ்லோவுக்குப் போய்விட்டன. இவர்கள் போகவில்லை. தமிழ்ச் சத்தம் குறையக் குறைய, தங்கச்சிக்கு ரி.வி.தான் துணை. ஐரோப்பாவில் இருந்து ஒலிபரப்பான தமிழ்த் தொலைக்காட்சியைப் பார்க்க வீட்டுச் சுவரில் உயரத்தில் ஒரு டிஷ் பூட்டியிருந்தார்கள். "அக்கா, இஞ்ச பெரிய டிஷ்தான் வேணும். ஒரு மீற்றருக்கு மேல" என்று சொல்லுவாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு விளங்கியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்மதிகள் பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. பூமி சுற்றும் வேகத்திலேயே அவையும் சுற்றுவதால் எங்கள் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். நாங்கள் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். அதனால் எங்கள் டிஷ் பாதி மல்லாந்து வானத்தைப் பார்க்கும். இந்தியச் செய்மதிகளுக்குப் பூட்டியவை அனேகமாக அக்கினி மூலைப் பக்கம் திரும்பி, உச்சிக்கு இருபது பாகை குறைவாக நிமிர்ந்து பார்க்கின்றன. வார்டோவில் இருந்து பார்த்தால் செய்மதி தெற்கே, கடல் மட்டத்துக்குப் பத்துப் பாகைக்கு மேல்தான் நிற்கும். அந்த ஊர் டிஷ் நிமிராது. நிலத்தைப் பார்த்துக் குனிந்த மாதிரி நிற்கும். சிக்னல் முகிலுக்குள்ளாலும் பனிக்குள்ளாலும் சரிந்து, எங்களுக்கு வருவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தூரம் கடந்து வரவேண்டும். அதனால்தான் பெரிய டிஷ். கொஞ்சம் தடங்கல் வந்தாலும் அங்கே படம் போய்விடும்.

2009 ஆம் ஆண்டு வந்தது. எங்கள் தம்பி 1996 இல் வன்னிக்குப் போய் கிளிநொச்சியில் கலியாணம் முடித்தவன். அவன் பெண்சாதி, பதினொரு வயது மகள், நடக்கமுடியாத மாமியார் என்று நாலு பேர். கிளிநொச்சியில் இருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று இடம்பெயர்ந்து போனதாகக் கேள்விப்பட்டோம். மாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு வன்னி அறுபது மைல் தூரம். ஆனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏ9 பாதை 2006 ஆவணியில் இருந்து பூட்டு. என் வீட்டில் அப்போது டிஷ் இல்லை. வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தங்கச்சி ரி.வி.யில் பார்த்துவிட்டு, என் வீட்டு சி.டி.எம்.ஏ. தொலைபேசிக்கு எடுத்து வன்னியின் செய்தியைச் சொல்லுவாள். உலகம் அப்படித் தலைகீழாகக் கிடந்தது.

சித்திரை 20 ஆம் திகதியும் அடுத்த நாட்களிலும் புதுமாத்தளனில் இருந்து பல்லாயிரக்கணக்கான சனம் களப்பைக் கடந்து வெளியே வந்தது உங்களுக்குத் தெரியும். வந்தவர்களில் சிலர் இதை வாசிக்கவும் கூடும். அந்தப் படங்களை ரி.வி.யில் காட்டினார்கள். தங்கச்சி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரி.வி.க்கு முன்னால் இருந்தாள். புருசன் வேறு ஊரில் வேலையில் நின்றார்.

அன்று இரவு அவள் எடுத்த தொலைபேசி அழைப்பை நான் மறக்கமாட்டேன்.

"அக்கா, தம்பியைக் கண்ட மாதிரிக் கிடக்கு."

"எங்கையடி? வடிவாச் சொல்லு."

"சனத்தோட சனமா ஒரு ஆள். முதுகில ஒரு கிழவியைச் சுமந்துகொண்டு வாறார். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். எங்கட தம்பியின்ர நடை அக்கா. முகத்தைத் திருப்பப் போகேக்க படம் கட்டம் கட்டமா வந்து அப்பிடியே நிண்டு போச்சு. பிறகு ஒண்டும் இல்லை. நீலமாப் போச்சு."

சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்த பிறகு தம்பி இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான்.

அந்த ஊரில் சித்திரையிலும் பனி விழும். மூன்று நாட்களாக விழுந்தது மாவு போன்ற காய்ந்த பனி. அதனால் ஒரு குறையும் வரவில்லை. அன்று குளிர் சற்றுக் குறைந்து, பனி ஈரமாகி, காற்றோடு சேர்ந்து டிஷ்சிலும் வாங்கியின் முகத்திலும் சாந்து அப்பின மாதிரி அப்பிவிட்டது. டிஷ்சோ எட்டாத உயரத்தில். தங்கச்சி தும்புத்தடியின் நுனியில் இன்னொரு தடியைக் கட்டி, பல்கனியில் கதிரை வைத்து ஏறி, எட்டி எட்டித் தட்டினாள். படம் திரும்பி வரும்போது செய்தி வேறு எங்கோ போயிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்தியையும் பார்த்தாள். பிறகு இணையத்திலும் தேடினாள். அந்தக் காட்சி அவள் கண்ணில் மறுபடி படவேயில்லை.

வைகாசி முடிந்து சில வாரங்களில் மச்சாளும் மருமகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருப்பதாக அறிந்தோம். தம்பி அவர்களோடு இல்லை. தாயை எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள் முன்னுக்குப் போங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவனாம். அதற்குப் பிறகு அவனையும் மாமியாரையும் ஒருவரும் காணவில்லை.

சகோதரிகளே, இதில் உள்ள பாரத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தங்கச்சி கண்டது தம்பிதான் என்றால், அவன் களப்பைக் கடந்து உயிரோடு வெளியே வந்திருக்கிறான். வந்தவன் எங்கே என்று நாங்கள் கேட்கலாம். அது வேறு யாரோ என்றால், கேட்கும் கேள்வியே வேறு. அந்த ஒரு முகம் திரும்பும் நேரத்துக்கு, அந்த ஈரப்பனி ஒரு நிமிடம் பிந்தி அப்பியிருந்தால்!

மச்சாள் 2010 தொடக்கத்தில் எங்களோடு வந்து சேர்ந்தாள். முறைப்பாட்டுப் படிவங்களில் 'கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எப்போது' என்று ஒரு கேள்வி இருக்கும். ஒருநாள் மச்சாள் தொலைபேசியில் தங்கச்சியிடம், "நீங்கள் கண்டதை எழுதித் தாங்கோ மச்சாள்" என்று அழுதாள். தங்கச்சியும் அழுதாள். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. "நான் நடையைக் கண்டன். முகத்தைக் காணேல்லை. அண்டைக்கு எத்தினை பேர் தங்கட தாய்மாரைச் சுமந்துகொண்டு வந்திருப்பினம். காணாத முகத்தைக் கண்டதெண்டு எழுதினா, நாளைக்கு உண்மையாக் கண்ட ஒருத்தி சொல்லுறதையும் நம்பமாட்டினம்" என்றாள். மச்சாளுக்கு அது கோபம். இரண்டு வருடம் அவர்கள் கதைக்கவில்லை. எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிந்தது. முடிவில் படிவத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினோம். நடையைக் கண்டார், முகத்தைக் காணவில்லை என்று.

அந்த வருடம்தான் நான் இவருடைய பெட்டியைத் திறந்தேன். காரணம் தங்கச்சிதான். அடுத்த மாரிக்கு அவளுடைய டிஷ்சில் மறுபடி ஐஸ் பிடித்தது. கொதிதண்ணீர் ஊற்றிப் பார்த்தாளாம். ஊற்றிய தண்ணீரே சிறிது நேரத்தில் உறைந்து முந்தியதை விட மொத்தமான ஐஸ் ஆகிவிட்டது. பிறகு இரும்புத்தடியால் தட்டி விளிம்பை நெளித்துவிட்டாள். "அக்கா, அத்தான் இருந்தால் கேட்டிருப்பன்" என்றாள். அந்தச் சொல் என்னை உறுத்தியது. அத்தான் இல்லைத்தான். பக்கத்தில் லாம்பு பிடித்தவள் இருக்கிறேன் அல்லவா?

பனியையே காணாத நான் பனிக்கு வைத்தியம் படிக்கத் தொடங்கினேன். எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் வாழையிலையில் நிற்கும் துளிதான். நெல்லியடியில் இவரோடு முன்பு வேலை செய்த பெடியன் ஒருவன் இப்போது டிஷ் பூட்டுகிறான். அவனிடம் கேட்டேன். மகள் இணையத்தில் வாசித்துச் சொன்னாள். கேட்டதை எல்லாம் தங்கச்சிக்குச் சொன்னேன். அவள் செய்து பார்த்து எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

காய்ந்த பனி பயமில்லை, மெல்லிய தும்புத்தடியால் தட்டினால் போகும். ஈரப்பனிதான் சிக்னலைக் குடிக்கும், அதை உறையவிடாமல் உடனே எடுக்கவேண்டும். உறைந்துவிட்டால் சுரண்டக்கூடாது. கைபொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து ஒற்றி எடுத்து, உடனேயே ஈரத்தைத் துடைக்கவேண்டும். மாரி தொடங்க முன்னர் காருக்குப் பூசும் மெழுகை டிஷ்சின் முகத்தில் மெல்லிதாகப் பூசித் துடைத்துவிட்டால் பனி அவ்வளவாக ஒட்டாது. சில வீடுகளில் டிஷ்சின் முதுகில் சூடாக்கும் கம்பி பூட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, டிஷ்சைக் கைக்கு எட்டும் இடத்தில் பூட்டுவது. அங்கே செய்மதி தாழ்வாக நின்றாலும், தெற்குப் பக்கம் மறைப்பு இல்லாவிட்டால் போதும், உயரம் தேவையில்லை. தங்கச்சி சுவரில் இருந்த டிஷ்சைக் கழற்றி முற்றத்தில் ஒரு குழாயில், தன் நெஞ்சளவு உயரத்தில் பூட்டுவித்தாள். "அக்கா, இனி ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை" என்றாள். எட்டாத உயரத்தில் பூட்டினால், எட்டுகிற ஆளைத் தேடிக்கொண்டு திரியவேண்டும். ஆண் துணை இல்லாத வீடுகளில் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் எனக்கும் ஆசை வந்து, 2010 இல் நானும் ஒரு சின்ன டிஷ் வாங்கினேன். வாங்கிக் கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை. அந்த வருடம் ஆடி 7 ஆம் திகதி இன்சாட் 4பி என்ற இந்தியச் செய்மதியில் மின்சக்தி குறைந்து, அதிலிருந்த அலைபரப்பிகளில் பாதியை நிறுத்தவேண்டி வந்தது. எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் படம் போய்விட்டது. எல்லாரும் டிஷ்சைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்கள். நான் மட்டும் தொடவில்லை. வானத்தில் மழையும் இல்லை, என் வயரிலும் பிழை இல்லை, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. அப்படியானால் பிழை எங்கள் பக்கம் இல்லை என்று யோசித்தேன். ஆட்டியவர்கள் பிறகு ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துத் திருப்பிப் பூட்டினார்கள். அன்றிலிருந்துதான் என் சொல்லுக்கு ஒழுங்கையில் மதிப்பு.

இப்போது கைத்தொலைபேசியிலேயே எல்லாம் பார்க்கிறார்கள். ஆனாலும் டேற்றாவுக்குக் காசு இல்லாத வீடுகளில், கிழவிகள் தனியே இருக்கும் வீடுகளில், இன்னும் டிஷ்தான். அவர்களுக்காக நான் கற்றவற்றை இங்கே சொல்லுகிறேன்.

கடும் மழையில் படம் கட்டம் கட்டமாக வந்து நின்றால் ஒன்றையும் தொடாதீர்கள். இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்றிமீற்றர் அளவுதான். தடித்த மழைத்துளிகள் அதைக் குடித்துவிடும். மழை தணிய அரை மணித்தியாலத்துக்குள் படம் வரும். முந்தி அன்ரெனாவில் படம் மெல்ல மெல்லப் புள்ளி விழுந்து மங்கும். இப்போதைய டிஜிற்றல் படம் கடைசிவரை தெளிவாக இருந்து சட்டென்று போகும். போனதால் பழுது என்று நினைக்கவேண்டாம்.

மழை விட்டும் வராவிட்டால் முதலில் வயர் பூட்டுகிற தலையைப் பாருங்கள். எங்கள் கரையில் உப்புக் காற்று. அந்தத் தலை இரண்டு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். கழற்றித் துடைத்து, தேவையானால் புதுத் தலை போட்டு, தண்ணீர் போகாத ரேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரை ஓடு அடுக்கிய மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடி நிற்கும், தண்ணீர் உள்ளே போகாது. வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விடுங்கள். வயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ரி.வி.ப் பெட்டிக்குப் போகாது.

டிஷ்சின் கீழ் விளிம்பில் சருகும் காகத்தின் எச்சமும் சேரும். கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அழுத்தித் தள்ளக்கூடாது. சின்ன டிஷ்சில் விளிம்பு ஒரு விரற்கடை அளவு அசைந்தாலே படம் போகலாம். சரியாகப் பூட்டியதும் குழாயிலும் பிடியிலும் சேர்த்து ஒரு கோடு பெயின்றால் கீறிவிடுங்கள். காற்று திருப்பினாலும் கோட்டைப் பார்த்து நீங்களே சரிசெய்யலாம்.

பங்குனி நடுவிலும் புரட்டாதிக் கடைசியிலும் சில நாட்கள், பகலில் ஒரே நேரத்துக்குச் சில நிமிடங்கள் படம் போகும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதுதான் காரணம். பயப்படவேண்டாம். ஆனால் சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடிமுழக்கம் கேட்டவுடன் ரி.வி.யின் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் நேரத்தில் டிஷ்சுக்குக் கிட்டப் போகவேண்டாம். நாடகம் நாளைக்கும் வரும்.

வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். லாம்பு பிடிக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் படித்தேன்.

தங்கச்சியும் மச்சாளும் இப்போது கதைக்கிறார்கள். 2012 மாரியில் மச்சாள்தான் முதலில் எடுத்தாள். எங்கள் வீட்டில் மழையால் படம் போய், நான் வெளியே போயிருந்த நேரம். மருமகளுக்கு நாடகம் பார்க்கவேண்டும். மச்சாளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வார்டோவுக்கு எடுத்திருக்கிறாள். அங்கே இருட்டு, பனி. இங்கே மழை. தங்கச்சி நோர்வேயில் இருந்துகொண்டு, "மச்சாள், வயரின்ர தலையைக் கழற்றித் துடையுங்கோ" என்று சொல்லி, படம் வரும்வரை தொலைபேசியை வைக்கவில்லையாம். நான் வீட்டுக்கு வந்தபோது மச்சாள் ரி.வி.க்கு முன்னால் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்திட்டுது மச்சாள்! வந்திட்டுது!"

தம்பியைப் பற்றிய தகவல் இன்றுவரை இல்லை. மச்சாள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவனுடைய படத்தோடு போகிறாள். நானும் இவருடைய படத்தோடு கூடவே போகிறேன். மருமகளுக்கு இப்போது ஒரு குழந்தை. தங்கச்சி சித்திரை மாதத்தில் ஈரப்பனி விழும் நாட்களில் நேரம் காலம் பார்க்காமல் முற்றத்துக்குப் போய் டிஷ்சைத் துடைக்கிறாள். இப்ப என்ன செய்தி பார்க்கப் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டுமில்லை அக்கா. துடைச்சு வைச்சிருக்கிறன்" என்றாள்.